பரண் கேசட்டைக் கணினிக்கு மாற்றப் போகிறீர்களா? பாதிக் குரல் தொலையாமல் ஸ்டீரியோவில் பதிவு செய்வது எப்படி?

கேபிளைச் செருகி, ரெக்கார்ட் பட்டனைத் தட்டினால் ஏதோ ஒன்று பதிவாகத்தான் செய்கிறது. திரையில் இரண்டு அலைகளும் ஓடுகின்றன. ஆனால் அது உண்மையிலேயே ஸ்டீரியோவா, அல்லது பாதிப் பதிவா என்பது பலருக்கும் காலம் கடந்துதான் தெரிகிறது. சவுண்ட் கார்டில் எதைச் சரிபார்க்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்? ஒரு முழு விளக்கம்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த மகன், பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின்னை இறக்குகிறான். உள்ளே பத்துப் பன்னிரண்டு கேசட். பெரும்பாலும் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு. ஒன்றில் மட்டும் பேனாவால் ‘அண்ணன் – துபாய்’ என்று எழுதியிருக்கிறது.

“டேய், அது அப்பத்தா பேசினது. பெரியப்பா துபாய்ல இருந்தப்ப லெட்டருக்குப் பதிலா டூ-இன்-ஒன்ல பேசி அனுப்புவாங்க. அதுல ஒண்ண அவரு திரும்பி வரும்போது கொண்டாந்தாரு” என்கிறார் அப்பா. அப்பத்தாவும் இல்லை, அய்யாவும் இல்லை. அவர்கள் குரல் இருப்பது அந்த ஒரே ஒரு கேசட்டில்.

மகன் சும்மா இருப்பானா? பழைய வாக்மேன் ஒன்றைத் தேடி எடுக்கிறான். வாக்மேனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு கேபிள். லேப்டாப்பில் ஒரு ஸ்ப்ளிட்டரை மாட்டி, மைக் படம் போட்ட ஓட்டையில் மறுமுனை. ரெக்கார்ட். முக்கால் மணி நேரம் கழித்து, எம்பி3 ஆக்கி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறான். ஆளாளுக்கு அழுகை எமோஜி.

அப்பா மட்டும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்: “அப்பத்தா பேசுறது கரகரன்னு இருக்கேடா. அய்யா அவங்க பக்கத்துலதான உக்காந்து பேசினாரு? கேசட்டுல நல்லா கேக்குமே, இதுல ஏன் எங்கேயோ இருந்து பேசற மாதிரி இருக்கு?”

கேசட்டில் குறை இல்லை. இரண்டு தடங்களில் இருந்த ஒலியில் ஒரு தடம் மட்டும்தான் கணினிக்குள் போயிருக்கிறது. அதுவும் சிதைந்து போயிருக்கிறது. எங்கே தப்பு நடந்தது?

கேசட்டுக்குள் நான்கு தடங்கள்

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது 1963-ல். உள்ளே ஓடும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்தான். அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இந்தக் குறுகிய நாடாவில் நான்கு தடங்கள் இருக்கின்றன. ஏ பக்கத்துக்கு இடது, வலது என இரண்டு. பி பக்கத்துக்கு இரண்டு.

ஸ்டீரியோ டூ-இன்-ஒன்னில் முன்பக்கம் இரண்டு முனைகளிலும் சிறிய மைக் இருக்கும். இடது மைக்கில் விழுந்தது இடது தடத்துக்கும், வலது மைக்கில் விழுந்தது வலது தடத்துக்கும் போகும். அப்பத்தா இடது பக்கமும் அய்யா வலது பக்கமும் உட்கார்ந்து பேசியிருந்தால், அப்பத்தா குரல் இடது தடத்தில் கணீரென்றும், அய்யா குரல் வலது தடத்தில் கணீரென்றும் இருக்கும். மறுபக்கத் தடத்தில் அந்தந்தக் குரல் கொஞ்சம் அமுங்கித்தான் கேட்கும்.

இரண்டு தடங்களையும் தனித்தனியாகக் கணினிக்குள் கொண்டுபோனால்தான் அது ஸ்டீரியோ பதிவு. ஒரு தடத்தை மட்டும் எடுத்து இரண்டு காதிலும் ஒலிக்கவிட்டால் அது மோனோ. திரையில் இரண்டு அலைகள் தெரிந்தாலும் அது மோனோதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுதான்.

எல்லா ஓட்டையும் ஒன்றல்ல

ஒரு காலத்தில் கணினியில் ஒலி கேட்க வேண்டுமென்றால் தனியாக ஒரு அட்டையை வாங்கிச் செருக வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அப்படிப் புகழ்பெற்ற அட்டை. ஸ்டீரியோ வசதி, 1991-ல் வந்த அதன் புரோ மாடலில்தான் கிடைத்தது. இன்று அந்த வேலையை மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப் பார்க்கிறது. பெயர் மட்டும் சவுண்ட் கார்டு என்றே நிலைத்துவிட்டது.

டெஸ்க்டாப் கணினியின் பின்பக்கம் பார்த்தால் வண்ணம் பூசிய ஓட்டைகள் தெரியும். பச்சை, ஸ்பீக்கருக்கு. ரோஸ், மைக்குக்கு. வெளிர்நீலம், லைன் இன். கேசட் பிளேயர், ரெக்கார்ட் பிளேயர் ஆம்ப்ளிபயர், கீபோர்டு போன்றவற்றிலிருந்து ஒலியை உள்ளே எடுக்க இருப்பது இந்த நீல ஓட்டைதான். இதற்கு இடது, வலது என இரண்டு வழிகளும் உண்டு.

ரோஸ் ஓட்டையில் செருகினால் என்ன? இரண்டு பிரச்சினைகள். முதலாவது, மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் அளவிலான மிக மெல்லிய சமிக்ஞை. அதைப் பல மடங்கு பெரிதாக்கும் சுற்று அந்த ஓட்டைக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டு ஆடியோ கருவியின் லைன் அவுட்டில் வருவது சுமார் 0.3 வோல்ட். அதைப் போய் மறுபடியும் பெரிதாக்கினால் ஒலி வெடிக்கும். அப்பா சொன்ன ‘கரகர’ இதுதான்.

இரண்டாவது, மைக் ஓட்டைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு தடத்தைத்தான் எடுக்கும். ஸ்டீரியோ பின்னின் நுனியில் இருப்பது இடது. அடுத்த வளையத்தில் இருப்பது வலது. பழைய மைக் ஓட்டைகளில் அந்த வளையம், மைக்குக்குச் சிறிய மின்னழுத்தம் கொடுக்கும் வழி. ஆக, இடது மட்டும் உள்ளே போகும். வலது தடம் வாசலிலேயே நின்றுவிடும்.

லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம்

இப்போது வரும் லேப்டாப்களில் லைன் இன் என்பதே கிட்டத்தட்ட இல்லை. இருப்பது ஒரே ஓட்டை, ஹெட்செட்டுக்கானது. அதில் செருகும் பின்னில் நான்கு பகுதிகள்: இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், மைக். ஒலி வெளியே போகத்தான் இரண்டு வழி. உள்ளே வர ஒரே வழி. ஸ்ப்ளிட்டர் மாட்டினாலும் கதை மாறாது. ஒற்றை மைக் வழி இரண்டாகிவிடுமா என்ன?

ஸ்ப்ளிட்டர் இல்லாமல் சாதாரண மூன்று பகுதி பின்னை நேரடியாகச் செருகுபவர்களும் உண்டு. லேப்டாப் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொள்ளும். அப்போது பதிவாவது கேசட் ஒலியே அல்ல. லேப்டாப்பின் சொந்த மைக்கில் விழும் மின்விசிறிச் சத்தமும், அடுப்படிக் குக்கர் விசிலும்தான். முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் என்ன வாங்க வேண்டும்?

நீல ஓட்டை உள்ள பழைய டெஸ்க்டாப் வீட்டில் இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம், கேபிள் ஒன்று போதும். லேப்டாப் என்றால் யுஎஸ்பி வழியாக இணையும் வெளிப்புற சவுண்ட் கார்டு தேவை. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கேட்டால் கடையில் புரிந்துகொள்வார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பென் டிரைவ் அளவில், பச்சை ஓட்டை ஒன்று, ரோஸ் ஓட்டை ஒன்று என்று மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் பெரும்பாலானவை இந்த வேலைக்கு ஆகாது. ‘ஸ்டீரியோ’ என்று அட்டையில் போட்டிருப்பது வெளியே வரும் ஒலிக்கு. உள்ளே எடுப்பது மோனோ. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இதுல ஸ்டீரியோ லைன் இன் இருக்கா?” சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ ஓட்டைகள் ‘இன்புட்’ என்ற பெயருடன் இருந்தால் நல்ல அறிகுறி. பெஹ்ரிங்கர் யுசிஏ202 இந்த வகைக்கு ஓர் உதாரணம்.

பாட்கேஸ்டுக்கோ பாட்டுப் பதிவுக்கோ இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இடதை முதல் இன்புட்டிலும், வலதை இரண்டாவது இன்புட்டிலும் தனித்தனியாகச் செருக வேண்டும். இரண்டையும் ‘லைன்’ நிலையில் வைக்க வேண்டும். கிட்டாருக்கான ‘இன்ஸ்ட்’ நிலை வேண்டாம். 48 வோல்ட் பட்டன் இருந்தால் அணைத்தே இருக்கட்டும்.

கேபிள் விஷயத்திலும் கவனம் தேவை. டெக்கில் ஆர்சிஏ லைன் அவுட் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. வால்யூம் குமிழ் அதைப் பாதிக்காது. வாக்மேன் என்றால், 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் கேபிள் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மட்டுமல்ல, எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் இது கிடைக்கும். வாங்கும்போது பின்னில் இரண்டு கருப்பு வளையக் கோடுகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கோடு இருந்தால் அது மோனோ கேபிள்.

பிளேயரே மோனோவாக இருந்தால்? பழைய ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர்கள் பல அப்படித்தான். இரண்டு தடங்களையும் சேர்த்தே அவை படிக்கும். ஸ்டீரியோ வாக்மேனோ டெக்கோ உறவினர் வீட்டில் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது.

கணினிக்குச் சொல்ல வேண்டியது

கேபிளை மாட்டியாயிற்று. இனி விண்டோஸ் 11-ல் செய்ய வேண்டியவை.

முதலில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் சவுண்ட். ‘இன்புட்’ பகுதியில் லைன் இன் அல்லது யுஎஸ்பி கருவியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தட்டி உள்ளே போனால் ‘ஃபார்மேட்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் 2 சேனல் என்று தொடங்கும் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். 1 சேனல் மட்டுமே பட்டியலில் இருந்தால் அந்த ஓட்டை மோனோ. எவ்வளவு போராடினாலும் ஸ்டீரியோ வராது. வேறு கருவிதான் வழி.

அடுத்து, ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை அணைத்துவிட வேண்டும். எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு போன்ற வசதிகள் வீடியோ காலுக்காக உருவானவை. பேசும் குரல் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்பது அவற்றின் கணக்கு. பின்னணியில் கேட்கும் நாதஸ்வரத்தையும் கோயில் மணியையும் அவை தின்றுவிடும். ‘மைக்ரோபோன் பூஸ்ட்’ என்று ஒன்று தென்பட்டால் அதுவும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிரைவசி செட்டிங்ஸில் ‘மைக்ரோபோன்’ பகுதி. டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி இல்லையென்றால், செருகியிருப்பது லைன் இன்னாகவே இருந்தாலும் பதிவில் மௌனம்தான் மிஞ்சும். எல்லாம் சரியாக இருந்தும் அலையே அசையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சில டெஸ்க்டாப்களில் பின்னைச் செருகியதும் ‘என்ன கருவி மாட்டினீர்கள்?’ என்று ஒரு பெட்டி எழும். அவசரத்தில் மூடிவிடாமல் ‘லைன் இன்’ என்று பதில் சொல்ல வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற செயலியைத் திறந்து, இன்புட்டில் 2 சேனல் இருக்கிறதா என்று பார்க்கலாம். லினக்ஸில் டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்4 அழுத்தினால் பதிவுக்கான பகுதி வரும். லைன் என்பதன் மேல் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது பதிவுக்குத் தயார்.

பதிவு செய்யும் செயலி

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். 2000-ல் முதன்முதலாக வெளியான திறந்த மூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆடியோ செட்டப் பகுதியில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, பதிவுக் கருவி. ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது கணினிக்குள்ளேயே ஓடும் ஒலியை, அதாவது யூடியூப் பாட்டு போன்றவற்றைப் பதிவு செய்ய இருப்பது. வெளியிலிருந்து வரும் கேசட்டுக்கு லைன் இன் அல்லது யுஎஸ்பி கருவியின் பெயர்தான்.

இரண்டு, பதிவுச் சேனல். ‘2 (ஸ்டீரியோ)’ என்று மாற்ற வேண்டும். 

மூன்று, தரம். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுவது என்பது சாம்பிள் ரேட். சிடியில் இது 44,100. மனிதக் காது கேட்கக்கூடிய மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைவிட இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் முழுதாகப் பிடிக்க முடியும் என்பதால் வந்த எண் அது. ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ குறைந்தபட்சம் 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. கருவி அனுமதித்தால் அதையே வைக்கலாம். 16 பிட் மட்டுமே உள்ள கருவி என்றாலும் கவலை வேண்டாம். கேசட்டின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடையிலான தூரத்தைப் பிடிக்க 16 பிட்டின் 96 டெசிபல் தாராளம். விண்டோஸில் எந்த எண்ணை வைத்தீர்களோ அதே எண் ஆடாசிட்டியிலும் இருக்கட்டும்.

உண்மையிலேயே ஸ்டீரியோதானா? ஒரு நிமிடச் சோதனை

பலரும் தாண்டிப்போகும் கட்டம் இது. சில சவுண்ட் கார்டுகள் ஒற்றைத் தடத்தை எடுத்து, அதையே இரண்டாகப் போட்டுக் காட்டும். விண்டோஸும் 2 சேனல் என்று சொல்லும். ஆடாசிட்டியிலும் இரண்டு அலைகள் ஓடும். பிஸ்கட் டின்னை இறக்கிய மகன் ஏமாந்தது இங்கேதான்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கேசட்டை ஓடவிட்டு, பதிவையும் தொடங்கி, சிவப்பு ஆர்சிஏ பின்னை மட்டும் உருவ வேண்டும். சிவப்பு என்பது வலது. ஆடாசிட்டியில் மேலே இருப்பது இடது, கீழே வலது. கீழ் அலை மட்டும் படுத்துவிட்டால் எல்லாம் சரி. இப்போது சிவப்பைச் செருகி வெள்ளையை உருவினால் மேல் அலை மட்டும் படுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே அசைகின்றன, சேர்ந்தே படுக்கின்றன என்றால் அது இரட்டை வேஷம் போட்ட மோனோ.

ஏற்கெனவே பதிவு செய்து வைத்த கோப்பைச் சோதிக்க வேண்டுமா? ஆடாசிட்டியில் ஸ்டீரியோ தடத்தை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் ‘இன்வெர்ட்’ செய்து, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட வேண்டும். முழு நிசப்தம் என்றால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஏதாவது மிஞ்சிக் கேட்டால் அவை தனித்தனித் தடங்கள்.

அளவு: சிவப்பைத் தொடாதே

கேசட்டில் பதிவு செய்த காலத்தில் மீட்டர் முள் அவ்வப்போது சிவப்பைத் தொட்டாலும் பெரிய கேடு இல்லை. டிஜிட்டலில் அப்படிக் கிடையாது. பூஜ்ஜியம் டெசிபல் என்பது சுவர். அதைத் தாண்டிய ஒலியின் தலை வெட்டப்பட்டுவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க முடியாது.

எனவே முதலில் கேசட்டில் மிகச் சத்தமான இடத்தைத் தேடி ஓடவிட வேண்டும். எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் இடம், தவில் உச்சத்துக்குப் போகும் இடம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அளவைக் குறைக்க வேண்டும். எளிதாகச் சொன்னால், ஆடாசிட்டி அலையின் ஓரத்தில் 1.0, 0.5 என்று எண்கள் இருக்கும். உச்சம் 0.5-ஐ ஒட்டி நின்றால் போதும். குறைவாகப் பதிவானதைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டது போனது போனதுதான்.

வாக்மேன் என்றால் அதன் வால்யூமைப் பாதியளவில் வைத்துத் தொடங்கி, அங்கிருந்து மெல்ல மாற்றலாம். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஒருமுறை அளவை வைத்த பிறகு நடுவில் கை வைக்கக் கூடாது.

பிளேயரையும் கொஞ்சம் கவனியுங்கள்

எத்தனை நல்ல சவுண்ட் கார்டு இருந்தாலும், பிளேயரின் ஹெட் அழுக்காக இருந்தால் ஒரு பக்கம் மங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸால் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கேசட்டைப் போட வேண்டும். 

முக்கியமான கேசட்டை முதலில் போடவே கூடாது. ஏதாவது ஒரு பழைய பாட்டு கேசட்டைப் போட்டு, பிளேயர் நாடாவைத் தின்னாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அப்பத்தாவின் முறை. கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓடவிட்டால், வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்த நாடா தளர்ந்து சீராக ஓடும்.

உறையில் டால்பி என்று குறித்திருந்தால், டெக்கிலும் அதே டால்பியைப் போட்டுக் கேட்க வேண்டும். குறிப்பு எதுவும் இல்லையென்றால் அணைத்தே வைப்பது நல்லது.

‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் பின்னணியில் கேட்கிறதா? நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. பெரும்பாலும் லேப்டாப் சார்ஜர் வழியாகவோ, பிளேயரின் அடாப்டர் வழியாகவோ வரும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் பல நேரம் சத்தம் நின்றுவிடும்.

பேச்சு மட்டும்தானே, மோனோ போதாதா?

நியாயமான கேள்வி. மோனோவில் பதிவான கேசட்டாகவே இருந்தாலும் ஸ்டீரியோவில் எடுப்பதுதான் நல்லது. காரணம், நாடா பல வருடம் பரணில் கிடந்தது. ஒரு ஓரம் சுருங்கியிருக்கலாம், பூஞ்சை பிடித்திருக்கலாம். ஒரு தடம் கெட்டுப்போன இடத்தில் இன்னொரு தடம் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் தனித்தனியாகக் கையில் இருந்தால் நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பிளேயரின் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் படிக்கப்படாது. மயிரிழை முன்பின்னாக வரும். அந்த நிலையில் இரண்டையும் கலந்து மோனோ ஆக்கினால், ‘ச’, ‘ஸ’ போன்ற கூர்மையான ஒலிகள் ஒன்றையொன்று அடித்து மங்கிவிடும். ஸ்டீரியோவிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மோனோ செய்துகொள்ளலாம். ஒரே தடமாக எடுத்ததிலிருந்து ஸ்டீரியோவை வரவழைக்க முடியாது.

மாஸ்டரைத் தொடாதீர்கள்

கேசட்டுக்குக் குறுக்குவழி இல்லை. 90 நிமிட கேசட் என்றால் 90 நிமிடமும் ஓடித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் லேப்டாப் தூங்கிவிடாமல் ஸ்லீப் அமைப்பை அணைத்து, நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிட்டால் நிம்மதி.

முதலில் சேமிக்க வேண்டியது வேவ் கோப்பு. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 90 நிமிடத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. இடம் குறைய வேண்டுமென்றால் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றலாம். ஒலியில் எதுவும் இழக்காமல் கோப்பின் அளவு குறையும். எம்பி3 என்பது அனுப்புவதற்கு மட்டும். அது ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துதான் சிறிதாகிறது.

இரைச்சல் நீக்குவது, சத்தத்தைக் கூட்டுவது எல்லாம் பிரதியில் மட்டுமே. இரைச்சலோடு சேர்ந்து குரலின் ஓரங்களும் போய்விடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. நாளை இன்னும் நல்ல மென்பொருள் வரும். அப்போது தேவைப்படுவது கை படாத மாஸ்டர்தான். கோப்பின் பெயரில் யார் பேசுகிறார்கள், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதி, குறைந்தது இரண்டு இடங்களில் பிரதி வைக்க வேண்டும்.

ஏன் இப்போதே?

கேசட் நாடா நாளுக்கு நாள் பலவீனமாகிறது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், அதை ஓடவைக்கும் நல்ல கருவிகளும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும், உதிரி பாகங்களும் குறைந்துகொண்டே போவது. இதைக் கருத்தில் கொண்டுதான் 2019-ல் யுனெஸ்கோவின் தகவல் திட்டமும் ஐஏஎஸ்ஏவும் இணைந்து காந்த நாடாக்களுக்கான எச்சரிக்கை முயற்சி ஒன்றைத் தொடங்கின. நாடா நன்றாக இருந்தும் ஓட்டுவதற்குக் கருவி இல்லாத நிலை வரும் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம்.

பெரிய காப்பகங்களுக்கு மட்டும் சொன்னதல்ல அது. கல்யாண வீட்டில் பதிவான வாழ்த்து, ஊர்த் திருவிழாவின் வில்லுப்பாட்டு, வளைகுடாவுக்குப் போன மகனுக்கு அம்மா பேசி அனுப்பியது: இவற்றுக்கெல்லாம் வேறு பிரதி எந்தக் காப்பகத்திலும் இல்லை. இருப்பது அந்த வீட்டுப் பரணில் மட்டும்.

சிவகங்கை வீட்டு மகனின் கதையில் ஒரு நல்ல விஷயம், கேசட்டை அவன் தூக்கி எறியவில்லை என்பதுதான். வேலை முடிந்தது என்று எறிந்திருந்தால் அத்தோடு போச்சு. ஸ்டீரியோ லைன் இன் உள்ள கருவியும் சரியான கேபிளும் கிடைத்து, சிவப்பு பின்னை உருவிச் சோதித்த பிறகு அவன் மறுபடியும் பதிவு செய்யலாம். ஹெட்செட்டை அப்பாவின் காதில் மாட்டினால், இடது பக்கம் அப்பத்தா நலம் விசாரிப்பதும், வலது பக்கம் அய்யா “எப்ப வர்றேனு கேளு” என்று சொல்வதும் தனித்தனியாகக் கேட்கும்.

அதுவரை அந்த பிஸ்கட் டின்னை மறுபடியும் பரணில் ஏற்ற வேண்டாம். ஓட்டுக்கூரையின் வெயில் படாத, ஈரம் இல்லாத, ஸ்பீக்கரின் காந்தம் அருகில் இல்லாத ஓர் அலமாரித் தட்டு போதும்.